குடும்பப் படத்துக்கு இடம் பார்ப்பது: சில சென்னைக் குறிப்புகள்

வெளியில் வைத்துக் குடும்பப் படம் எடுக்கணும்னு முடிவானதும் வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். பெசன்ட் நகர் பீச், மகாபலிபுரம், ஏதாவது ஒரு பூங்கா, இல்லன்னா ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட். எல்லாமே பின்னால் என்ன தெரியும் என்பதை வைத்துப் போட்ட பட்டியல். கடல் தெரியும், கோயில் தெரியும், பச்சையா இருக்கும். நான் இடம் பார்க்கப் போனால் முதலில் திரும்பி நின்று எதிர்ப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். படத்தில் நிற்பவர்களின் முகத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? திறந்த வானமா, வெள்ளைச் சுவரா, கண்ணைக் குத்தும் வெயிலா, இருட்டுத் தோப்பா? முகத்தில் விழுகிற வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னா, நம் வீடுகளில் குரூப் போட்டோவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிப்போனால், அன்றைக்கு ராத்திரியே பேரப்பிள்ளைகள் போனைத் துழாவ ஆரம்பிப்பார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும், பதினாறாம் நாளுக்குள் பிரேம் போட வேண்டும். தாத்தா பாட்டிக்கெல்லாம் தனிப்படம் இருக்காது. ஒரு கல்யாணத்திலோ டூரிலோ எடுத்த குரூப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. உச்சி வெயிலில் நிற்க வைத்து எடுத்திருப்பாங்க. பின்னால் கோபுரம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அதனால் நான் ஒரு இடத்துக்கு வைக்கிற பரீட்சை இதுதான்: இங்கே எடுத்த படத்திலிருந்து பாட்டியின் முகத்தை மட்டும் வெட்டினால், அது தனியாக நிற்குமா?

முதலில் வெயில். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் 'கோல்டன் ஹவர்' நமக்கு ஒரு மணி நேரம் கிடையாது. சென்னை சுமார் 13 பாகை வடக்கில் இருக்கிறது, சூரியன் இங்கே ஏறக்குறைய நேராகவே கீழே இறங்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அடிவானத்துக்கு 6 பாகை மேலே இருக்கும் சூரியன் மறைய இங்கே சுமார் 25 நிமிடம், லண்டனில் சுமார் 40 நிமிடம். பன்னிரண்டு பேரை வரிசைப்படுத்தி, குழந்தை அழுகையை நிறுத்தி, சித்தப்பாவைப் போனிலிருந்து பிரித்துக் கொண்டுவரவே கால் மணி நேரம் ஆகிவிடுமே. அதோடு சூரியன் மறையும் நேரம் நவம்பர் நடுவில் 5.40 வாக்கில், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வாக்கில். போன வருஷம் ஆடியில் 6 மணிக்கு நன்றாக வந்ததே என்று கார்த்திகையில் அதே நேரத்துக்குப் போனால் இருட்டில்தான் நிற்க வேண்டும்.

இன்னொரு பாடம்: 'கட்டடத்தின் வடக்குப் பக்கம் நில்லுங்கள், அங்கே எப்போதும் நிழல்.' லண்டனில் நடுப்பகலுக்கு இது சரி. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சரியாக உச்சிக்கு வருகிறது, அப்புறம் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும். நடுவே இருக்கும் கிட்டத்தட்ட நான்கு மாதம் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்போது தெற்குச் சுவர்தான் நிழல். கோடை லீவில் எல்லோரும் ஊருக்கு வந்து படம் எடுப்பது சரியாக இந்த மாதங்களில்தான்.

இனி கடற்கரை. நம்முடையது கிழக்குக் கடல். காலையில் கடலைப் பின்னால் வைத்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முகமெல்லாம் நிழலுருவம். சாயங்காலம் கடலைப் பின்னால் வைத்தால் முகம் மேற்கே பார்க்கும். 5 மணிக்கு எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் சூரியன் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் சின்னதாக ஒரு நல்ல இடைவெளி கிடைக்கும். நேர் வெயில் போய், மேற்கு வானம் முழுக்க ஒரு பெரிய விளக்குபோல முகத்தில் விழும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நான் காத்திருப்பது அதற்காகத்தான். ஒரே தொல்லை காற்று. சாயங்காலக் காற்று கடலிலிருந்து வருவதால் முதுகுப் பக்கமிருந்து அடித்து, முடியையும் முந்தானையையும் முன்னால் தள்ளும். வரிசையையே கொஞ்சம் சாய்வாகத் திருப்பினால் காற்று பக்கவாட்டில் போய்விடும். பின்னல் போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிடுவது இன்னும் சுலபம்.

'நான் மட்டும் கறுப்பா விழுந்துட்டேன்' என்ற புலம்பலை எல்லாக் குடும்பத்திலும் கேட்கலாம். பெரும்பாலும் அது தோலின் குற்றமே இல்லை, இடத்தின் குற்றம். பின்னால் வெளுத்த வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால், கேமராவின் தானியங்கிக் கணக்கு அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தைக் குறைத்துவிடும். நம் மாநிறமும் கறுப்பும் அதில் விவரமே இல்லாமல் இருண்டு போகும். பிறகு அதைச் 'சரி' செய்கிறேன் என்று முகத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளுப்பேற்றிக் கொடுப்பார்கள். அத்தையே அத்தை மாதிரி இல்லை. இந்த வெளுப்பேற்றும் வேலை எனக்கு அறவே பிடிக்காது. பின்னணி முகத்தைவிடக் கொஞ்சம் இருட்டாக இருக்கும் இடத்தில் நின்றாலே, கறுப்பு கறுப்பாகவே அழகாக விழும். பழைய கருங்கல் மதில், ஓட்டுவீட்டுத் தாழ்வாரம், தூரத்துத் தோப்பு, எதுவானாலும் சரி.

மரத்தடி எல்லோருக்கும் முதலில் தோன்றும் நிழல். ஆனால் வேம்பு, புளி போன்ற சின்ன இலை மரங்களுக்கு அடியில் வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கும், ஆளுக்கொரு பொட்டு கன்னத்தில் விழும். மாமரம் அடர்த்தி, பரவாயில்லை. தூங்குமூஞ்சி மரம் பெயருக்கேற்றபடி சாயங்காலம் இலையை மடக்கிக்கொள்ளும், மதியம் பார்த்துவைத்த நிழல் 6 மணிக்கு இருக்காது! எந்த மரமானாலும் நட்டநடுவில் வேண்டாம். நிழலின் ஓரத்தில், வெளியே திறந்த வெளியைப் பார்த்து நிற்க வைத்தால் போதும். பச்சைப் புல்லும் இலையும் முகத்தில் ஒரு பச்சைச் சாயலை ஏற்றுவதும் இதில் குறையும்.

மாமல்லபுரத்தில் எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்கு ஓடுவார்கள். எனக்குப் பிடித்தது அர்ஜுனன் தபசு. அந்தப் பாறை கிழக்கே பார்த்திருப்பதால் காலையில் நேர் வெயில். பிற்பகல் 3 மணிக்கு மேல் பாறையின் நிழலே அதன் முன்னால் விழும். நிற்பவர்களுக்கு எதிரே திறந்த கிழக்கு வானம், பின்னால் மங்கலான கருங்கல். முகத்துக்கு வேறென்ன வேண்டும்? பாட்டி படியேற வேண்டியதும் இல்லை. வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவில் அவரை நிறுத்தவே முடியாது, கடற்கரைக் கோயிலுக்கு வாசலிலிருந்து நல்ல நடை இருக்கிறது. விடுமுறை நாளில் தெருவில் கூட்டம் நெரியும், வாரநாளே உசிதம். தொல்லியல் துறையின் இடம் என்பதால் முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும், கையில் பிடித்தே எடுக்கலாம். அனுமதி என்றதும் ஞாபகம் வருகிறது: ரயில் தண்டவாளத்தில் நின்று எடுக்கும் படங்களை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். சட்டப்படி குற்றம், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் எங்கேயும் போகவே வேண்டாம். திண்ணை இருந்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது. மேலே கூரை உச்சி வெயிலைத் தடுக்கும், தெருவின் திறந்த வெளிச்சம் நேராக முகத்தில் விழும், உள்ளே வீடு இருட்டாகப் பின்னணி தரும். பாட்டி அவர் எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்காரலாம். அபார்ட்மென்ட்டில் கார் நிறுத்தும் தளத்தின் விளிம்பு கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். பார்க்க லட்சணமாக இருக்காது, முகம் நன்றாக விழும்.

முந்தின நாள் அதே நேரத்துக்கு ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்திப் பாருங்கள். மெதுவாக ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். ஏதோ ஒரு திசையில் திரும்பும்போது கண்மணிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மின்னும், கண்ணுக்குக் கீழே இருந்த நிழல் கரையும். அந்தத் திசையைக் குறித்துக்கொண்டு, தரையில் ஒரு செங்கலை வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் பாட்டியின் நாற்காலி அங்கேதான்.