சலிக்காமல் நினைவூட்டும் கணக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் அமைப்பு, 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையாக நிற்கும் பிழைகளைக் கணக்கெடுக்கும் சோதனை அது. 2025-இல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை அகப்பட்டது. அகப்பட்ட பிழைகளில் 96 சதவீதம் ஆறே வகைக்குள் அடங்கின: மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயரிடாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், பக்கத்தின் மொழியைக் குறிக்காமை. ஆண்டுக்கு ஆண்டு அதே ஆறுதான்.

திருத்தும் வழி தெரியாமல் இல்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-லேயே இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டுவிட்டது. 2023 அக்டோபரில் அவற்றின் 2.2 பதிப்பும் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. ஆனால் தளம் வடிவமைப்பவரின் கண்ணில் அது வேலை நேரத்தில் படுவதில்லை. திரும்பத் திரும்ப நடக்கும் பிழையைத் திரும்பத் திரும்பத்தான் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குச் சமூக ஊடகத் தானியங்கிக் கணக்குகள் பொருத்தமானவை.

இயங்கும் விதம்

இத்தகைய கணக்கின் கட்டமைப்பு எளியது. அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த முடிவது) பற்றி எழுதும் தளங்களின் ஆர்.எஸ்.எஸ். ஓடைகளை, அதாவது புதிய பதிவுகளின் தானியங்கிப் பட்டியல்களை, ஒரு சிறு நிரல் குறித்த நேரத்தில் பார்க்கும். ஏற்கெனவே பகிர்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு, புதியதைத் தலைப்போடும் இணைப்போடும் பதிவிடும். பழைய, ஆனால் இன்றும் பயன்படும் கட்டுரைகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்தால், முறை வைத்து மறுபடியும் பகிரும். மாஸ்டடான் சமூக ஊடகத்தில் வேறொரு வகையும் உண்டு: பின்தொடர்பவர் விளக்கம் எழுதாமல் படம் போட்டால், அவருக்கு நினைவூட்டும் கணக்கு.

பட்டியலை நம் கையில் வைத்திருப்பது முக்கியம். 2023-இல் ட்விட்டர் வெளி நிரல்கள் பதிவிட உதவும் தன் இலவச ஏ.பி.ஐ. வசதியைப் பெரிதும் சுருக்கியபோது, அதை நம்பியிருந்த பல தானியங்கிக் கணக்குகள் நின்றுபோயின. பட்டியல் தனியே இருந்தால் ஊடகம் மாறினாலும் பணி தொடரும்.

சொல்வதைச் செய்தல்

அணுகல்தன்மை பேசும் கணக்கு முதலில் தானே அணுகத்தக்கதாக இருக்க வேண்டும். படம் போட்டால் விளக்கம் வேண்டும். கணிதக் குறியீடுகளால் அலங்கரித்த ஆங்கில எழுத்துகளைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) ஒவ்வொன்றாகக் குறியீட்டுப் பெயர் சொல்லி வாசிக்கும், அல்லது தாண்டிப்போகும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். வரிசையாக இமோஜிகள் வைத்தால் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுத்தான் தீர வேண்டும். ஆங்கில ஹேஷ்டேகில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கினால் சொற்கள் பிரிந்து கேட்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சொற்களுக்கு இடையே அடிக்கோடு (_) இட்டுப் பிரிப்பதே வழி.

எதைப் பகிர்வது என்பதை மட்டும் இயந்திரத்திடம் விடக் கூடாது. தன் கருவியைச் சேர்த்தால் எந்தத் தளமும் நெறிமுறைகளுக்கு இணங்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டுமென்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. தலைப்பை மட்டும் பார்க்கும் நிரல் இத்தகைய விளம்பரத்தையும் நல்ல வழிகாட்டியையும் ஒன்றாகவே பரப்பும். படித்து, சோதித்து, தகுதியானதைப் பட்டியலில் சேர்க்க ஒரு மனிதர் வேண்டும். அவர் திரைவாசிப்பான் பயன்படுத்துபவராக இருந்தால் இன்னும் நல்லது.

தமிழில் தேவை

மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை தமிழ்ப் பக்கங்களிலும் நடைமுறைக்கு வர வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே வாசிக்க முயன்று தடுமாறலாம். குறிப்பதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

தமிழில் இப்படியொரு கணக்கு தொடங்கப் பெரும் பணம் தேவையில்லை. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கொரு பிழையும் அதைத் திருத்தும் வழியும் தானாகப் பதிவாகட்டும். ஏழாம் நாள், வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து பதில் எழுதட்டும். கேள்வி கேட்டவர் தன் தளத்தைத் திருத்துவதுதான் இந்த முயற்சியின் பலன்.