ஒருவர் ஓய்வு பெற்றால் ஆறு பேருக்குப் பயிற்சி!

'பந்திக்கு முந்து' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதலில் உட்காருபவருக்கு எல்லாம் கிடைக்கும். கடைசியில் வருபவருக்கு மிஞ்சியதுதான். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் விமானிகளின் வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரிலிருந்து புறப்படுவது, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பதா வானத்தில் இருப்பதா ஆகிய எல்லாவற்றையும் ஓர் எண் தீர்மானிக்கிறது. அதற்குப் பணிமூப்பு எண் என்று பெயர்.

யார் திறமைசாலி என்பதை இந்த எண் சொல்வதில்லை. யார் முதலில் வேலையில் சேர்ந்தார் என்பதை மட்டுமே சொல்கிறது. டெல்ட்டா, யுனைட்டெட், அமெரிக்கன் ஆகிய நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே வரிசையில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் ஓய்வு பெறும்போது பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஓரடி முன்னேறுகிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கமலா, முருகன், சலீம், ஸ்டெல்லா என்று நான்கு நண்பர்கள். பள்ளியில் சேர்ந்த வரிசைப்படி 1, 2, 3, 4 என்று எண் கொடுங்கள். வகுப்பில் நான்கு வேலைகள் உள்ளன: மணி அடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கரும்பலகை துடைப்பது, நூலகப் புத்தகங்களை அடுக்குவது. ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த வேலை முதல் பிடிக்காத வேலை வரை ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும்.

முதலில் கமலாவின் சீட்டைப் பிரிக்கிறோம். அவள் மணி கேட்டிருக்கிறாள், கிடைத்துவிட்டது. முருகனும் மணிதான் கேட்டான். அது போய்விட்டதால் அவனுடைய இரண்டாவது விருப்பமான செடி கிடைத்தது. சலீம் செடி, கரும்பலகை, நூலகம், மணி என்று எழுதியிருந்தான். அவனுக்குக் கரும்பலகை. ஸ்டெல்லா எதை எழுதியிருந்தாலும் மிஞ்சியது நூலகம்தான்.

இப்போது ஒரு கேள்வி. சலீம் தந்திரமாக யோசிக்கிறான். "செடி எப்படியும் முருகனுக்குப் போய்விடும். அதனால் நூலகத்தை முதலில் எழுதிவிடலாம்" என்று மாற்றி எழுதினால் என்ன ஆகும்? நூலகம் கிடைக்கும். ஆனால் அவனுக்கு நூலகத்தைவிடக் கரும்பலகைதானே பிடிக்கும்? ஆக, நஷ்டம் அவனுக்கே! தன் முறை வரும்போது மீதமிருப்பதில் சிறந்ததுதான் எப்படியும் கிடைக்கும் என்பதால், உள்ளதை உள்ளபடி எழுதுவதே எல்லோருக்கும் லாபம். பொருளியல் அறிஞர்கள் இம்முறைக்கு 'வரிசைச் சர்வாதிகாரம்' என்று வேடிக்கையான பெயர் வைத்திருக்கிறார்கள்.

விமானிகளும் மாதாமாதம் இப்படியே விருப்பப் பட்டியல் தருகிறார்கள். கணினி மூத்தவரிடமிருந்து தொடங்கிப் பயணங்களைப் பங்கிடுகிறது. வரிசையின் கடைசியில் இருப்பவர்களில் பலருக்குக் 'காத்திருப்புப் பணி' கிடைக்கும். யாராவது நோயில் படுத்தால் அழைப்பு வரும், உடனே கிளம்ப வேண்டும்.

ஆனால் கணினிக்கு இன்னொரு கடமையும் உண்டு. எந்தப் பயணமும் விமானி இல்லாமல் விடுபடக்கூடாது. 2017 நவம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்சின் கணினி அமைப்பில் ஒரு கோளாறு ஏற்பட்டது. விமானிகள் டிசம்பர் மாதப் பயணங்களைக் கைவிடக் கேட்டபோதெல்லாம் அது அனுமதித்துவிட்டது! விடுமுறைக் காலத்தில் 15,000க்கும் மேற்பட்ட பயணங்களுக்கு விமானிகள் போதவில்லை. ஒன்றரை மடங்கு ஊதியம் தருவதாக அறிவித்து ஆள் தேட வேண்டியதாயிற்று.

ஒரு விமானத்துக்கு எத்தனை விமானிகள்?

"இரண்டு பேர்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு விமானம் நாளுக்கு 10 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,650 மணி. இரண்டு இருக்கைகளுக்கும் சேர்த்து 7,300 மணி. களைத்த விமானி ஆபத்தானவர் அல்லவா? அதனால் அமெரிக்கச் சட்டப்படி ஒரு விமானி எந்த 28 நாட்களிலும் 100 மணி நேரத்துக்கு மேலும், 365 நாட்களில் 1,000 மணி நேரத்துக்கு மேலும் பறக்கக்கூடாது. விடுப்பு, பயிற்சி, காத்திருப்பு எல்லாம் போக ஒருவர் 730 மணி பறக்கிறார் என்றால், 7,300 ÷ 730 = 10 பேர் தேவை. கடல் கடந்து செல்லும் நீண்ட பயணங்களில் மூன்று அல்லது நான்கு பேர் மாறிமாறி ஓட்ட வேண்டும். அங்கே கணக்கு இன்னும் ஏறும்.

சங்கிலி நகர்கிறது

அமெரிக்காவில் விமான நிறுவன விமானிகள் 65 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வேண்டும். போயிங் 777 போன்ற பெரிய விமானத்தின் கேப்டன் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் போயிங் 737 கேப்டன் ஒருவர் போகிறார். காலியான 737 கேப்டன் இருக்கைக்கு 777இன் துணை விமானி வருகிறார். அவர் விட்ட இடத்துக்கு 737இன் துணை விமானி. இப்போது நிறுவனத்தின் அடிமட்டத்தில் ஓரிடம் காலி. அதற்கு வட்டார விமான நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு கேப்டனை எடுக்கிறார்கள். அங்கே ஒரு துணை விமானி கேப்டன் ஆகிறார். அவருடைய இடத்துக்குப் பறக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து சேருகிறார்.

எண்ணிப் பாருங்கள்: ஒருவர் வீட்டுக்குப் போனார், ஆறு பேர் பயிற்சிக்குப் போனார்கள்! விமானம் மாறினாலும் இருக்கை மாறினாலும் சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானத்தில் பல வாரங்கள் பயிற்சி பெற வேண்டும். அந்த நாட்களில் அவர்கள் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது.

எல்லோரும் ஏணியில் ஏறத்தான் வேண்டும் என்பதில்லை. 777இன் கடைக்குட்டிக் கேப்டனாக இருந்தால் சம்பளம் அதிகம். ஆனால் பண்டிகை நாட்களில் வேலை. 737இன் மூத்த கேப்டனாகவே இருந்தால் விரும்பிய நாளில் விடுப்பு. குழந்தைகள் வளரும் வரை சிறிய விமானத்திலேயே இருந்துவிடுபவர்களும் உண்டு.

50 உயிர்கள் தந்த பாடம்

வட்டார நிறுவனங்கள் என்றோமே, அவை யார்? பெரிய நிறுவனங்களின் வண்ணத்தைப் பூசிக்கொண்டு, சிறிய ஊர்களையும் பெரிய நகரங்களையும் இணைக்கும் சிறு விமானங்களை ஓட்டுபவை. நெடுங்காலம் அங்கே புதியவர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு.

2009 பிப்ரவரி 12 இரவு, நுவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் 3407 என்ற விமானம் தரையிறங்கும் முன் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், விழுந்த வீட்டில் ஒருவரும் இறந்தனர். வேகம் குறைகிறது என்று கருவி எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் கேப்டன் உயர்த்திவிட்டார் என்று விசாரணை கூறியது. துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார் என்பதும் தெரியவந்தது.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். அதன் பயனாக 2010இல் ஒரு சட்டம் வந்தது. களைப்பைத் தடுக்கும் ஓய்வு விதிகள் கடுமையாயின. 2013 முதல், துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறக்கும் அனுபவம் வேண்டும் என்றாயிற்று. முன்பு 250 மணி போதுமாக இருந்தது. இந்த விதி தேவையா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஏனெனில் விபத்துக்குள்ளான இரு விமானிகளுமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள்.

கடைசியில் யாருக்கு இடி?

2020இல் கொரோனா வந்தது. பயணிகள் இல்லை. ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளைப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பினார்கள். பயணிகள் திரும்பி வந்தபோது பெரிய நிறுவனங்கள் வட்டார நிறுவனங்களிலிருந்து விமானிகளை இழுத்தன. சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுந்தது. 1,500 மணி அனுபவம் ஒரே நாளில் வந்துவிடுமா? 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் என்ற வட்டார நிறுவனம், விமானிகள் இல்லாததால் 29 சிறிய ஊர்களுக்கான சேவையிலிருந்து விலக விரும்புவதாக அறிவித்தது. அதே ஆண்டில் டொலிடோ, இத்தாக்கா ஆகிய நகரங்களுக்கான சேவையை அமெரிக்கன் நிறுத்தியது. வட்டார நிறுவனங்கள் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தின. எங்கோ ஒரு கேப்டன் தொப்பியைக் கழற்றியதற்கும், ஒரு சிற்றூர் விமானநிலையத்தில் விளக்கு அணைந்ததற்கும் உள்ள தொடர்பு புரிகிறதா?

இன்னொரு கொடுமையும் உண்டு. பணிமூப்பு எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. 1991இல் ஈஸ்டர்ன், பான் ஆம் என்ற இரு புகழ்பெற்ற நிறுவனங்கள் மூடப்பட்டன. மூடப்பட்ட நிறுவனத்தில் இருபது ஆண்டுகள் கேப்டனாக இருந்தவரும், வேறிடத்தில் புதிதாகச் சேர்ந்தால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

2007 டிசம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆயிற்று. அதை 67 ஆக்கலாம் என்ற யோசனையை 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கவில்லை. வயதை உயர்த்தினால் விமானிகள் பற்றாக்குறை உடனே குறையும் அல்லவா? ஆனால் வரிசையில் நிற்கும் இளைஞர்களுக்கு என்ன ஆகும்? ஆறு சீட்டுகளில் எண் எழுதி, வரிசையாக அடுக்கி, முதல் சீட்டை இரண்டு ஆண்டுகள் எடுக்காமல் வைத்துப் பாருங்கள். விடை உங்கள் மேசை மீதே கிடைக்கும்.