ஏழு நிமிடத்தில் பேசி முடிக்கப் பழகுவோமா?

எமது சமூகத்தில் பேச்சாளர்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஜும்ஆ மிம்பர் முதல் தேர்தல் மேடை வரை, பாடசாலைப் பரிசளிப்பு விழா முதல் கல்யாண வீடு வரை ஒலிவாங்கி கிடைத்தால் விடாதவர்கள் நிறையவே இருக்கிறார்கள். பஞ்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பேசி முடித்தவரிடம் போய், "இந்த இடம் நன்றாக இருந்தது, இந்த இடம் விளங்கவில்லை, பத்து நிமிடம் கூடிவிட்டது" என்று முகத்துக்கு நேரே சொல்பவர் எம்மிடம் இல்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே மாஷா அல்லாஹ் என்று கைகொடுத்துவிட்டு வந்து, வீட்டிலிருந்து குறை சொல்கிறோம்.

முகத்துக்கு நேரே, மரியாதையாக, இரண்டு மூன்று நிமிடத்தில் குறை சொல்வதையே ஒரு பயிற்சியாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அவைதான் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள். இலங்கையிலும் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. பெயரைக் கேட்டதும் எம்மில் சிலர் முகம் சுளிப்பார்கள். மேலைநாட்டு விருந்துகளில் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும்போது பேச்சாளர்களை அறிமுகப்படுத்துபவருக்கு வழங்கிய பெயர்தான் அது. பெயரில் இருக்கும் கோப்பை கூட்டத்தில் இல்லை. கடந்த மாதம் கொழும்பில் அப்படியானதொரு கழகத்துக்கு நண்பர் ஒருவரின் அழைப்பில் விருந்தினராகப் போயிருந்தேன். பிளேன்டீயும் பெட்டீஸும் தந்தார்கள். மஃரிபுக்கு இடைவேளையும் விட்டார்கள்.

இந்த அமைப்பை ஆரம்பித்தவர் ரால்ப் ஸ்மெட்லி என்ற அமெரிக்கர். 1924 ஒக்டோபரில், கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், வை.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலக்கீழ் அறையொன்றில் முதல் கூட்டம் நடந்தது. அங்கு வந்த இளைஞர்களுக்கு நாலு பேர் முன் நின்று பேசவோ ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவோ தெரியவில்லை என்பதைக் கண்டுதான் அவர் இதைத் தொடங்கினார். வாலிபர் சங்கம் என்றதும் எமக்கு 1950 நினைவுக்கு வரவேண்டும். ஸாஹிரா அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம் வாலிபர்களுக்காக வை.எம்.எம்.ஏ. பேரவையை ஆரம்பித்தது அந்த ஆண்டில்தான். இன்று பல ஊர்களில் அதன் கிளைகள் இருக்கின்றன.

நான் போன கூட்டம் சொன்ன நேரத்துக்கு ஆரம்பமானது. இதைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் வாசகர்களுக்கே தெரியும். பிரதம அதிதி இல்லை, பொன்னாடை இல்லை. அன்றைய தலைவர் நிகழ்ச்சியைத் தொடக்கிவிட்டு ஒவ்வொரு பொறுப்பாளரையும் அறிமுகப்படுத்தினார். ஒருவர் நேரக்காப்பாளர். மற்றொருவர் மொழியைக் கவனிப்பவர். இன்னொருவரின் வேலை, பேச்சாளர் எத்தனை தடவை "ஆ", "ம்" என்று இழுக்கிறார் என்று எண்ணுவது மாத்திரம். எமது மேடைகளில் "வந்து", "அதாவது" இரண்டையும் எண்ண ஒருவரை நியமித்தால் அவருக்கு ஒரு கொப்பி போதாது.

தயாரித்த பேச்சுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. புதிய உறுப்பினரின் முதல் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு நிமிடம். தன்னைப் பற்றியே பேசவேண்டும். அன்று அந்த முதல் பேச்சைச் செய்தவர் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் சகோதரி. கையிலிருந்த தாள் நடுங்கியது பின்வரிசைக்கே தெரிந்தது. உம்மும்மாவின் தையல் மெஷினைப் பற்றி ஆரம்பித்தார். அந்த மெஷின்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தது என்ற இடத்துக்கு வந்தபோது தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அவரது பேச்சை மதிப்பீடு செய்தவர் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஆசிரியர். அவருக்கும் மூன்று நிமிடம்தான், அவருக்கும் அட்டைகள் உண்டு. எந்த வசனம் மனதில் நின்றது என்று சொன்னார். பிறகு, "முதல் ஒரு நிமிடம் மன்னிப்புக் கேட்பதில் போய்விட்டது, மெஷினிலிருந்தே தொடங்கியிருக்கலாம்" என்றார். கடைசியாக இன்னொரு நல்ல விடயத்தைச் சொல்லி அமர்ந்தார். அந்தச் சகோதரி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எவருக்கும் முகம் வாடவில்லை. என்னைப் பொறுத்தவரை முழு மாலையின் பெறுமதியும் அந்த மூன்று நிமிடத்தில் இருந்தது.

அடுத்தது திடீர்ப் பேச்சு. தலைப்பு எழுந்து வந்த பிறகுதான் தெரியும், ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசவேண்டும். எமது பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். மீலாத் பேச்சுப் போட்டியிலும் தமிழ்த் தினப் போட்டியிலும் மௌலவியோ டீச்சரோ எழுதிக்கொடுத்ததை மனனம் செய்து, கையசைவோடு ஒப்புவித்துப் பரிசும் வாங்குவார்கள். அதே பிள்ளை பட்டம் பெற்று நேர்முகப் பரீட்சைக்குப் போய், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு வாயடைத்து நிற்கிறது. அன்றும் ஓர் இளைஞர் அரை நிமிடத்துக்கு மேல் மௌனமாக நின்றார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவும் இல்லை. காத்திருந்தார்கள். பிறகு நான்கைந்து வசனம் பேசினார். பலத்த கைதட்டல் கிடைத்தது.

இந்த அமைப்பு வருடந்தோறும் உலகப் பேச்சுப் போட்டியொன்றை நடத்துகிறது. 2014 இல் அதில் வென்றவர் எமது நாட்டின் தனஞ்சய ஹெட்டியாராச்சி. மறு ஆண்டு வென்றவர் சவூதி அரேபியாவின் முஹம்மத் கஹ்தானி, சிறுவயதில் திக்கிப் பேசியவர். நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் கேட்ட துஆவை சூரா தாஹாவில் ஓதுகிறோம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கிறோம். துஆவோடு பயிற்சியும் வேண்டும் என்பது மட்டும் மறந்துபோகிறது. தொழுகையை நீட்டி குத்பாவைச் சுருக்குவது ஒருவரின் விளக்கத்துக்கு அடையாளம் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. நடைமுறையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மறுபக்கம்.

இது வெறும் மேடை அலங்காரம் பற்றிய பேச்சல்ல. 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். எமது பக்க நியாயத்தைச் சிங்களத்தில், இரண்டு நிமிடத்தில், கோபப்படாமல், அந்தப் பக்கத்திலிருப்பவருக்கு விளங்கும்படி சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? சிலர் இருந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். திரும்பத் திரும்ப அதே சில முகங்கள்தான். நல்ல பேச்சு அந்தத் தீயை அணைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, அது அரசியல் முடிவு. ஆனாலும் பக்கத்து வீட்டாரிடமும் அலுவலக நண்பரிடமும் எமது வலியை எடுத்துச் சொல்ல வாய் வராமல் எத்தனையோ பேர் உள்ளுக்குள் புழுங்கினார்கள்.

பெண்கள் விடயத்தில் அந்த அமைப்பும் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருக்கவில்லை. 1973 இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றது. அதற்கு முன்பே, 1970 இல், ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் 'ஹோமர்' என்ற ஆண் பெயரில் பதிவு செய்யப்பட்டுச் சேர்ந்தார். 1985 இல் அவரே அதன் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார். எமது ஊர்களில் ஆசிரியைகள், பெண் வைத்தியர்கள், பெண் சட்டத்தரணிகள் இத்தனை பேர் இருந்தும், பெண் பிள்ளைகளின் பாடசாலை பற்றிய கூட்டத்தில்கூட ஆண்களே பேசி முடித்துவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. உறுப்பினர் கட்டணம் டொலரில் கணக்கிடப்படுவதால் இன்றைய ரூபாய்ப் பெறுமதியில் மாணவருக்கு அது பாரம். பெரும்பாலான கழகங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அது வேலை தேடுவோருக்கு நல்லது, ஆனால் ஊரில் பலரை வாசலிலேயே நிறுத்திவிடும். எனினும் தமிழில் நடத்தத் தடை எதுவும் இல்லை, சிங்கப்பூரிலும் சென்னையிலும் தமிழ்க் கழகங்கள் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு கெவல் கழகம் என்ற வடிவமும் உண்டு.

உத்தியோகபூர்வமாகச் சேர முடியாவிட்டாலும் முறையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இஷாவுக்குப் பிறகு, வை.எம்.எம்.ஏ. மண்டபத்திலோ ஊர் நூலகத்திலோ பத்துப் பேர் கூடினால் போதும். பெண்களுக்கு அஸருக்குப் பிறகு வைக்கலாம். ஒரு கையடக்கத் தொலைபேசியில் நேரம் பார்க்கலாம், பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைப் பிள்ளைகளே வெட்டித் தருவார்கள். ஒரு பேச்சாவது சிங்களத்தில் இருக்கட்டும். மதிப்பீட்டாளராக முதல் நாளே நிர்வாக சபைத் தலைவரைப் போட்டுவிடாதீர்கள். அவரை முதலில் பேசச் சொல்லுங்கள், மதிப்பீட்டை உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.