உங்கள் ஊரை உலகுக்குக் காட்டுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. உங்கள் ஊரை நாலு பேருக்குத் தெரியப்படுத்துங்கள் என்பேன். எங்கள் உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம்.

காஞ்சிபுரம் வருபவர்களில் பலர் கோயில்களைப் பார்த்து, பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுமார் 30 கி.மீ. தூரத்தில் எங்கள் ஊர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகள் வெட்டப்பட்டிருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வெளியூர்க்காரர்கள் இன்று இணையத்தில் தேடித்தான் பயணத்தை முடிவு செய்கிறார்கள். அதில் நம் ஊர் இல்லாவிட்டால், ஆட்டோக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் வர வேண்டிய வருமானமும் இல்லை.

1. கூகுள் மேப்ஸ்: கோயில் பெயரைத் தேடி கிளிக் செய்யுங்கள். போட்டோ சேர்க்கும் வசதி அங்கேயே இருக்கும். திறக்கும் நேரம் தவறாக இருந்தால் 'சஜஸ்ட் அன் எடிட்' மூலம் திருத்தம் அனுப்பலாம். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புபவர் மறுபடி வரமாட்டார்.

2. விக்கிமீடியா காமன்ஸ்: இலவசக் கணக்குத் தொடங்கி, 'அப்லோட்' பகுதியில் நீங்களே எடுத்த படங்களை ஏற்றுங்கள். விக்கிப்பீடியா கட்டுரைகளில் அவற்றைப் பயன்படுத்தலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும், வியாபாரத்திற்குக்கூட, அவற்றை எடுத்தாளலாம்.

3. பேஸ்புக், இன்ஸ்டாகிராம்: படத்துடன் இடத்தின் பெயரையும் சேருங்கள். # குறியை அடுத்து இடைவெளி இல்லாமல் ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் செய்யுங்கள். தேடுபவர் கண்ணில் படும். எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

எழுதுவது சரியாக இருக்கட்டும். "உலகின் முதல் தேர்தல்" என்று பலர் பதிவிடுகிறார்கள். இந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. கிரேக்க நாட்டு ஏதென்ஸில் குலுக்கல் முறை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. இங்கே சொந்த நிலமும் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களே தகுதி பெற்றார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை! இந்த உண்மையே பயணிகளை இழுக்கப் போதுமானது, மிகைப்படுத்தத் தேவையில்லை.

கருவறையையும், அனுமதி இல்லாமல் அடுத்தவர் முகத்தையும் படம் எடுக்காதீர்கள். இன்றே ஒரு படத்தில் தொடங்குங்கள்.