மேனுவல் கியர் காரில் ரிமோட் ஸ்டார்ட்டர்

ரிமோட் ஸ்டார்ட்டர் என்பது வீட்டுக்குள் இருந்தபடியே பொத்தானை அழுத்திக் கார் இன்ஜினை ஓடவைக்கும் கருவி. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் அதை யாரும் ஆடம்பரமாக நினைப்பதில்லை. வின்னிபெக் நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது வாடிக்கை. இன்ஜின் ஆயில் கெட்டிப்படும், பாட்டரி பலம் குன்றும், முன்கண்ணாடியில் பனி ஓடுபோல ஒட்டிக்கொள்ளும். கிளம்புவதற்குச் சற்று முன்பே இன்ஜினை ஓடவிட்டால் கண்ணாடி தெளியும், உள்ளே கை விறைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம்.

ஆட்டோமேட்டிக் காரில் இதைப் பொருத்துவதில் பெரிய சிக்கல் கிடையாது. கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரமே போகாதபடி அந்த வண்டிகள் அமைந்திருக்கின்றன. மேனுவல் காரில் அந்தக் காவல் வேறு இடத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவில் விற்கும் மேனுவல் கார்களில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கும் சிறு சுவிட்ச் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆளில்லாத காரில் கிளட்சை மிதிக்க யாரும் இல்லை. ஆகவே ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்துபவர் அந்த சுவிட்சைத் தாண்டித்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு இருந்த ஒரே காவல் அங்கே போய்விடுகிறது. முதல் கியரில் நிற்கும் கார் ரிமோட்டை அழுத்தியதும் உதறிக்கொண்டு முன்னே பாயும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் நிற்கவும் செய்யாது. இன்றைய இன்ஜின்களில் ஐட்லிங் வேகம் குறையும்போது கம்ப்யூட்டர் தானாகவே எரிபொருளைக் கூட்டிவிடும். அதனால் கார் வேக நடையில் ஊர்ந்துபோய் எதிரே இருக்கும் சுவரையோ ஆளையோ மோதும்.

பறிபோன அந்தக் காவலை வேறு வழியில் திரும்பக் கொண்டுவருவதுதான் இதற்கெனத் தயாரான கருவிகளின் வேலை. காம்புஸ்டார் கருவிகளில் அந்த ஏற்பாட்டுக்கு ரிசர்வேஷன் மோட் என்று பெயர். வைப்பர் கருவிகளில் அது எம்.டி.எஸ். மோட். செய்முறை ஏறக்குறைய ஒன்றேதான். ஓட்டுநர் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார். காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு, ரிமோட் பொத்தானை அழுத்திச் சாவியை எடுக்கிறார். சாவி வெளியே வந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் இறங்கி, எல்லாக் கதவையும் சாத்தி, ரிமோட்டால் பூட்டியதும் இன்ஜின் அணையும். அந்த நொடியிலிருந்து கருவி தயார்நிலையில் இருக்கிறது. பிறகு ஒரு கதவோ பானெட்டோ திறந்தாலும், ஹேண்ட் பிரேக் இறங்கினாலும், தயார்நிலை ரத்தாகிவிடும். ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இதன் தர்க்கம் எளிமையானது, அழகானதும்கூட. சாவியை எடுத்த பிறகும், கிளட்சில் கால் இல்லாமல், இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது என்றால் கியர் நியூட்ரலில் இருந்தது என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் உள்ளே ஏறவில்லை என்றால் கியர் மாறியிருக்க வழியில்லை. கருவிக்குக் கியர் லீவர் எங்கே இருக்கிறது என்பது கடைசிவரை தெரியாது. உள்ளே யாரும் வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே மொத்தப் பாதுகாப்பும் கதவுகளுக்குப் போகும் ஒயர்களைத்தான் நம்பியிருக்கிறது.

பொருத்துவதில் தவறு நேரும் இடமும் அதுவே. சில கார்களில் ஓட்டுநர் கதவுக்கு ஓர் ஒயர், மற்ற மூன்று கதவுகளுக்கு வேறோர் ஒயர் என்று பிரிந்திருக்கும். ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு வேலை முடிந்ததாக நினைத்தால், பின்கதவு வழியே ஏறி முன்னே எட்டி கியரைத் தட்டும் சிறுவனைக் கருவி அறியாது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹேட்ச்பேக்கில் அந்தக் கதவையும் சேர்த்தாக வேண்டும். துணிக்கூரை உள்ள திறந்த கார்களுக்கும் ஜன்னலைத் திறந்தே விட்டுப்போகும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. கதவைத் தொடாமலே கை உள்ளே போய்விடும். காருக்குள் ஆளையோ நாயையோ விட்டுவிட்டுத் தயார்நிலையில் பூட்டுவது அதைவிட ஆபத்து. உள்ளே இருப்பவர் கியரை மாற்றினால் எந்தக் கதவும் திறப்பதில்லை.

ஹேண்ட் பிரேக் இணைப்பையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. பல கார்களில் லீவர் ஒரு பல் ஏறியதுமே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கருவி படிப்பதும் அதே சிக்னலைத்தான். லீவர் தூக்கியிருக்கிறது என்று அது சொல்லுமே தவிர, பிரேக் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லாது. கேபிள் தளர்ந்த வண்டியில் ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்துமுன் ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

ஒயரிங்கில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் ஒயர்களில் கனத்த மின்னோட்டம் பாய்கிறது. மேலே கிளிப் வைத்து அழுத்தும் இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடேறும். ஒயரைச் சீவி, சுற்றி, ஈயம் வைத்து, டேப் சுற்றுவதே நிலைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் உறையில் போகும் ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. அவற்றை டெஸ்ட் லைட்டால் குத்திப் பார்ப்பதுகூடக் கூடாது. கிளட்ச் சுவிட்சை நிரந்தரமாக ஒட்டவைத்துவிடும் குறுக்கு வழி சில இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் காவல் இருக்காது. ரிமோட் ஸ்டார்ட் நடக்கும் நேரத்தில் மட்டும் அந்த சுவிட்சைத் தாண்டுகிற ரிலே வைப்பதே முறை. பானெட் சுவிட்ச் எந்த நிலையிலும் விடக்கூடாத ஒன்று. பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட் பக்கம் கை வைத்திருப்பவரை அதுதான் காப்பாற்றுகிறது.

கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும்போது காருக்குள் சாவி இருக்காது. முன்பெல்லாம் ஓர் உபரிச் சாவியை டாஷ்போர்டுக்குள் பெட்டியில் ஒளித்துவைத்து இதைச் சமாளித்தார்கள். திருடனுக்கும் அது வசதியாகப் போனது. இப்போது காரின் கணினியோடு பேசும் தனிச் சிப் பெட்டி கிடைக்கிறது. கார் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ரிமோட் ஸ்டார்ட்டர் கருவியே மேனுவல் வண்டிக்கானதா என்பதையும் பெட்டியின் மேல் அல்ல, பொருத்தும் கையேட்டில் பார்ப்பது நல்லது. ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான கருவியை மேனுவல் வண்டியில் மாட்டுவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

வேலை முடிந்ததும் கடையைவிட்டுக் கிளம்புமுன் உரிமையாளர் தன் கண்ணாலேயே சோதனை பார்க்க வேண்டும். சமதளத்தில், எதிரே யாரும் இல்லாத இடத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர் நியூட்ரலில் இருக்கும்போது செய்வது அவசியம். தயார்நிலையில் பூட்டிவிட்டு ஒவ்வொரு கதவாக, டிக்கி, பானெட் உட்பட, திறந்து மூடி ரிமோட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் ஆகாமல் மறுக்க வேண்டும். ஒன்றில் ஸ்டார்ட் ஆனாலும் வண்டியை எடுக்கக் கூடாது. பிறகு இன்ஜின் ரிமோட்டில் ஓடும்போது பிரேக்கை மிதித்தால் அணைகிறதா, ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். கதவு சுவிட்சுகள் துருப்பிடித்துச் செத்துப்போகும் பொருள்கள். சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இந்தச் சோதனையை ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

அன்றாடப் பயன்பாட்டில் ஒரு முரண் நிற்கிறது. கடுங்குளிரில் ஈரம் புகுந்த பிரேக் கேபிள் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், குளிர்நாடுகளில் பழகிய மேனுவல் ஓட்டுநர்கள் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் கியரில் போட்டு நிறுத்துவார்கள். ரிமோட் ஸ்டார்ட்டரோ நேர் எதிரானதைக் கேட்கிறது. சரிவில் நிறுத்தும்போதும் வேறொருவர் வண்டியை எடுத்துப்போகும்போதும் தயார்நிலையை விட்டுவிட்டு, கியரில் போட்டு நிறுத்துவதே சரி. மெக்கானிக்கிடம் விடும்போது, கருவியை முடக்கிவைக்கும் வேலே மோடைப் போட்டுவிட வேண்டும்.

வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் ரிமோட் ஸ்டார்ட் செய்யவே கூடாது, கதவு திறந்திருந்தாலும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. வீட்டுக்குள் கசிந்து தூங்குபவர்களைக் கொல்லும். வெளியே நிறுத்திய காரிலும் புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் அதே வாயு இருக்கைப் பக்கம் ஏறும். இரவு பனி கொட்டியிருந்தால் முதலில் வெளியே போய்க் குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரிவிட்டு, அதன் பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும்.