அணுவைக் கிள்ளி எடுப்பது எப்படி?

போன வருஷம் மே மாதக் கடைசியில் அக்கா பையன் ஒரு வழவழப்பான கலர் புத்தகத்தோடு வந்தான். ப்ளஸ் டூவில் நல்ல மார்க்.

"மாமா, நானோடெக்னாலஜி எடுக்கப் போறேன். அப்பா பி.எஃப்.ல லோன் போடறேன்னுட்டார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் பி.காம். எனக்குத் தெரிந்த மிகச் சிறிய பொருள், மாசக் கடைசியில் என் பேங்க் பேலன்ஸ். ஆனாலும் மச்சானின் பி.எஃப். பணம் ஆயிற்றே! புத்தகத்தைப் பிரித்தேன். காலேஜ் பெயர் வேண்டாம். நடுப்பக்கத்தில் ஒரு படம்: ரத்தக் குழாய்க்குள் பளபளவென்று ஒரு குட்டி நீர்மூழ்கிக் கப்பல், நண்டுக்கு இருப்பது மாதிரி இரண்டு கைகள். அடுத்த பக்கம் ஃபீஸ் விவரம். அந்தத் தொகைக்குக் கப்பலையே வாங்கிவிடலாம் போலிருந்தது.

"மூணு வாரம் டைம் குடுடா. படிச்சுட்டுச் சொல்றேன்."

படித்தேன். தூக்கம் போனதுதான் முதல் பலன்.

ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். வெயிலுக்குத் தடவுகிற க்ரீம் முதல் கம்ப்யூட்டர் சிப் வரை இந்த அளவில் இன்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் 'மூலக்கூறு நானோடெக்னாலஜி' என்பது வேறு சமாசாரம். கொத்தனார் செங்கல் அடுக்குகிற மாதிரி, அணுவையும் மூலக்கூறையும் வேண்டிய இடத்தில் வைத்துப் பொருளைக் கட்டுவது.

ஆரம்பித்து வைத்தவர் ரிச்சர்ட் ஃபெயின்மன். 1959 டிசம்பர் 29-ம் தேதி, அமெரிக்காவின் கால்டெக்கில் ஒரு பேச்சு. அடிமட்டத்தில் ஏராளமாக இடம் காலியாகக் கிடக்கிறது, போய் வேலை செய்யுங்கள் என்றார். சும்மா பேசிவிட்டுப் போகவில்லை. ஆளுக்கு ஆயிரம் டாலர் என்று இரண்டு பரிசு அறிவித்தார். ஒன்று, பக்கத்துக்கு அங்குலத்தில் 64-ல் ஒரு பங்குக்குள் அடங்கும் மோட்டாருக்கு. அடுத்த வருஷமே மெக்லெல்லன் என்ற என்ஜினியர், மைக்ராஸ்கோப்பும் சாமணமும் வைத்து, பொறுமையாக உட்கார்ந்து செய்துகொண்டு வந்துவிட்டார். புது டெக்னிக் பிறக்கும் என்று காத்திருந்த ஃபெயின்மனுக்கு ஏமாற்றம். பணம் மட்டும் கைமாறியது. இரண்டாவது, புத்தகப் பக்கத்தை 25,000-ல் ஒரு பங்காகச் சுருக்குவதற்கு. 1985-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன் ஜெயித்தார். எழுதியதைவிட, எழுதிய பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம்!

அணுவையே தொட்டு நகர்த்தியது 1989 நவம்பரில். ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் டான் எய்க்லர், 35 செனான் அணுக்களை நிக்கல் பரப்பில் ஊசி முனையால் தள்ளித் தள்ளி கம்பெனியின் மூன்றெழுத்தை எழுதினார். குளிர் எவ்வளவு? மைனஸ் 269 டிகிரி. (விசுவாசமான ஊழியர்!)

இங்கேதான் எனக்குள் இருந்த காமர்ஸ்காரன் விழித்துக்கொண்டான். ஒரு காரட் வைரத்தில் கார்பன் அணுக்கள் 1-க்குப் பின்னால் 22 சைபர். வினாடிக்கு ஒன்று என்று வைத்தாலும், பிரபஞ்சத்தின் வயதைப் போல் 23,000 மடங்கு காலம் பிடிக்கும். கட்டுப்படியாகாத பிசினஸ்.

ஆனால் ஒரு மெஷின் தன்னைப் போல் இன்னொன்றைச் செய்துகொண்டால்? கூட்டு வட்டி! ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, 40 தடவை இரட்டித்தால் ஒரு லட்சம் கோடி மெஷின்கள். ஒவ்வொன்றும் வினாடிக்குப் பத்து லட்சம் அணுக்களை வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வைரத்துக்கு இரண்டரை மணி நேரம். மேட்னி ஷோ பார்த்துவிட்டு வருவதற்குள் மூக்குத்திக் கல் ரெடி.

எரிக் டிரெக்ஸ்லர் 1986-ல் புத்தகம் எழுதி உலகத்தைக் கிறங்கடித்தது இந்தக் கனவை வைத்துத்தான். வெறும் கனவு என்று தள்ளிவிடவும் முடியாது. 1991-ல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே 'நானோசிஸ்டம்ஸ்' என்று கணக்கும் வழக்குமாக ஒரு தடிப் புத்தகம் போட்டார். சூட்டினால் எல்லா அணுவும் நடுங்கிக்கொண்டே இருக்குமே, அதற்கு என்ன வழி? பிடிக்கிற கை எவ்வளவு விறைப்போ, அவ்வளவு நடுக்கம் குறையும். ஒரு மீட்டருக்கு 10 நியூட்டன் விறைப்பு இருந்தால், அறை வெப்பத்தில் நடுக்கம் சுமார் 0.02 நானோமீட்டர். வைரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களின் இடைவெளி 0.154. அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் ஆட்டம். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ராத்திரி ஆயிற்று. புரிந்தபோது பேலன்ஸ் ஷீட் டேலி ஆன சந்தோஷம்.

எதிர்த்து வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. கார்பன் பந்து மூலக்கூறைக் கண்டுபிடித்து 1996-ல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் ஸ்மாலி. 2001-ல் அவர் சொன்னது: உன் விரல்களும் அணுவால் ஆனவைதானே? அத்தனை தடி விரல்கள் அந்தச் சந்துக்குள் நுழையாது. நுழைந்தாலும், பிடித்த அணு விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் விரலே கேட்கவில்லையே, நம் உடம்பில் என்சைம்கள் விரல் இல்லாமல்தானே வேலை செய்கின்றன என்றார் டிரெக்ஸ்லர். என்சைமுக்குத் தண்ணீர் வேண்டுமே, தண்ணீருக்குள் எஃகும் சிலிக்கனும் கட்டுவாயா என்றார் ஸ்மாலி. 2003-ல் சண்டை அச்சிலேயே வந்தது. ஸ்மாலி 2005-ல் காலமானார். யார் ஜெயித்தது என்று கேட்டால், என் ஓட்டு பாதி பாதி. அதே 2003-ல் ஜப்பானின் ஒஸாகாவில் ஒரே ஒரு சிலிக்கன் அணுவை ஊசியால் பிடுங்கி, திரும்ப வைத்தும் காட்டினார்கள். டிரெக்ஸ்லர் சொன்ன தொழிற்சாலை மட்டும் இன்னும் வரவில்லை.

புத்தகத்தில் பார்த்த அந்தக் கப்பல் படம்? சுத்தத் தப்பு. அறை வெப்பத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் வினாடிக்கு சுமார் 600 மீட்டர் வேகத்தில் நாலாபக்கமும் மோதிக்கொண்டிருக்கும். தி.நகரில் தீபாவளிக் கூட்டத்தில் மாட்டிய ஆள் மாதிரி அந்தக் கப்பல் அல்லாடும். அந்த அளவில் தண்ணீரே தேன் மாதிரி கெட்டி வேறு. நீந்துகிற பாக்டீரியா மோட்டாரை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம் போவதற்குள் நின்றுவிடும் என்று 1976-ல் எட்வர்ட் பர்செல் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் பஸ், சைக்கிள் அனுபவம் எதுவும் அங்கே செல்லாது.

அந்த நெரிசலிலும் ஒழுங்காக வேலை பார்க்கிற ஒரு மெஷின் இருக்கிறது. ரைபோசோம். அகலம் சுமார் 20 நானோமீட்டர். பாக்டீரியாவில் வினாடிக்கு 15, 20 அமினோ அமிலங்களை, மரபுக் கட்டளையைப் படித்துப் படித்து வரிசையாகக் கோக்கிறது. மோதலை எதிர்த்து நிற்பதில்லை. மோதி வருகிறவர்களில் சரியான ஆளை மட்டும் உள்ளே விடுகிறது, கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பெரியப்பா மாதிரி.

இதன் அமைப்பை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டியதற்காக 2009-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். எனக்கு நோபலைவிட அவருடைய 1976-ம் வருஷம்தான் பிடித்திருக்கிறது. இயற்பியலில் பி.எச்டி. முடித்துவிட்டு, கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராகப் போய் பயாலஜி வகுப்பில் உட்கார்ந்தார், இரண்டு வருஷம்! வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ.

இந்தத் துறையே அப்படித்தான். 2016-ல் மூலக்கூறு மெஷின்களுக்கு நோபல் வாங்கிய மூவரும் வேதியியல்காரர்கள். 2024-ல் கம்ப்யூட்டரில் புதுப் புரதம் வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்குக் கொடுத்தார்கள். 'நானோ' என்று போர்டு மாட்டிய வாசல் வழியாக இவர்கள் யாரும் வரவில்லை.

பையன் வந்தான். அந்தக் காலேஜ் சிலபஸை இருவரும் புரட்டினோம். 'நானோ' என்ற வார்த்தையில் தொடங்கும் பேப்பர்கள் பதினொன்று. தெர்மோடைனமிக்ஸ் அரை யூனிட். நடுங்குகிற அணுக்களுக்குக் கணக்குப் போடும் ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் கண்ணில் படவே இல்லை.

"அப்ப சேர வேணாமா மாமா?"

"நேர்ல போய் ஒரே ஒரு கேள்வி கேளு. இந்தக் கப்பல் மோட்டாரை நிறுத்தினா எவ்வளவு தூரம் போகும்னு."

போனான். அட்மிஷன் மேஜையில் இருந்தவர், "அதெல்லாம் தேர்ட் இயர்ல வரும் தம்பி, முதல்ல டோக்கன் அட்வான்ஸ் கட்டுங்க" என்றாராம்.

இப்போது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். பி.எஃப். பத்திரமாக இருக்கிறது. ஐ.ஐ.டி.க்காரர்கள் இன்டர்நெட்டில் இலவசமாக விட்டிருக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, 'க்ரோமேக்ஸ்' என்ற இலவச சாஃப்ட்வேரில் ஆயிரம் தண்ணீர் மூலக்கூறுகளை ஒரு பெட்டிக்குள் போட்டு ஆட விடுகிறான். ஒரு மைக்ரோ வினாடி ஆட்டம் பார்க்க 50 கோடி ஸ்டெப் கணக்கு. லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்துகிறது. இந்த மாதக் கரன்ட் பில்லை மச்சானுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.