தோல் ஊர்களில் துணி செய்த மாயம்... தெரியுமா?

1806 ஜூலை 10. விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தனவே, அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு துண்டுத் தோல் இருந்தது தெரியுமா? ஆமாம், தோல்தான்! ஆங்கிலேயத் தளபதிகள் திணித்த புதுத் தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் ஒன்று இருந்தது. மாட்டுத் தோலோ, பன்றித் தோலோ என்று இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே கொதித்தார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்ற உத்தரவுகள் வேறு!

தோலுக்கு வந்த பதில் எது? துணி! அன்று காலை கோட்டைக் கொடிமரத்தில் பறந்தது மைசூர் சுல்தானின் புலிவரிக் கொடி. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை பாய்ந்து வந்ததும் எல்லாம் முடிந்துபோனது. சில மணி நேரம் மட்டுமே காற்றில் ஆடிய அந்தத் துணியை 200 வருஷம் கழித்தும் வேலூர் மறக்கவில்லை. தலைக்கு மேலே கட்டும் துணியை வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றாலே ஷூவும் பதனிட்ட தோலும்தான் நினைவுக்கு வரும். நடுவில் குடியாத்தம் என்றொரு நெசவு ஊர், லுங்கிக்குப் பேர்போன ஊர் இருக்கிறதே! 1947-ல் டெல்லியில் ஏறிய மூவர்ணக் கொடி எங்கள் தறியில் நெய்தது என்று அந்த ஊரார் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். அதே 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய கொடியை நேரிலேயே பார்க்கலாம், தெரியுமா? சுத்தமான பட்டு, 12 அடி நீளம், 8 அடி அகலம்! கோட்டை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? வைகாசி முதல் நாள். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு புறப்பட்டு கோபாலபுரம் கோயிலுக்கு வரும். பம்பை, உடுக்கை, சிலம்பாட்டம், புலியாட்டம் என்று தெருவே அதிரும்! வட ஆற்காட்டுப் பக்கத்தின் திறந்தவெளி இசைவிழா என்று கேட்டால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். மேடையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. தெருவின் இரண்டு பக்கத்தையும் இணைப்பது குறுக்கே கட்டிய தோரணக் கயிறு மட்டும்தான். மேலே ஆடுவது துணி, கீழே பம்பையில் முழங்குவது தோல்! இந்த ஊர்களின் இரண்டு தொழிலும் ஒரே தெருவில் ஒன்றாக நிற்கின்றன.

இன்னொன்று கேளுங்கள். பொங்கல் காப்புக் கட்டில் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் ஆவாரம்பூ வைக்கிறோமே, அதே ஆவாரஞ்செடியின் பட்டையில்தான் அந்தக் காலத்தில் தோலைப் பதனிட்டார்கள்! பூ வாசலுக்குப் போனது, பட்டை தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனது. ஒரே செடி!

விழாக்களில் கட்டும் துணிகளுக்குத் தமிழில் எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தேரைச் சுற்றிக் கட்டுவது தேர்ச்சீலை. உருளையாகத் தைத்துத் தொங்க விடுவது தொம்பை. காற்றில் ஆடுவது அசைந்தாடி. தலைக்கு மேலே விரிப்பது விதானம். கொடிமரத்தில் ஏறுவது கொடிச்சீலை. சிவன் கோயிலென்றால் அதில் நந்தி, பெருமாள் கோயிலென்றால் கருடன், முருகனென்றால் சேவல். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கொடியைப் பார்த்ததும் யாருக்கு விழா என்று சொல்லிவிடுவார். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கும்போது சுமார் 96 அடி உயரம். அதில் மரத்தால் ஆன பகுதி சுமார் 30 அடிதான்! மீதி பெரும்பாலும் மூங்கிலும் துணியும். நாம் அண்ணாந்து கும்பிடும் அந்தக் கம்பீரத்தில் பெரும்பங்கு தையல்காரரின் கைவேலை.

நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குக் கொடிகள் எப்படி வருகின்றன தெரியுமா? கப்பலில்! நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக வந்து, தர்காவின் ஐந்து மனோராக்களிலும் ஏறுகின்றன. அவற்றில் பெரிய மனோரா 131 அடி. கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்.

இதெல்லாம் நேற்று வந்த பழக்கமா? பட்டினப்பாலையைப் புரட்டுங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கோயிலுக்கு ஒரு கொடி, வாதம் செய்யும் புலவருக்கு ஒரு கொடி, கப்பலுக்கு ஒரு கொடி, கள்ளுக்கடைக்கும் ஒரு கொடி! இன்றைய கடைப் பலகைக்கெல்லாம் பாட்டன் அந்தத் துணிதான்.

சரி, உங்கள் தெரு விழாவுக்கு முக்கோணக் கொடி கட்ட எவ்வளவு துணி வேண்டும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து நானே அசந்துபோனேன். அடிப்பக்கம் 6 அங்குலம், உயரம் 9 அங்குலம், கொடிக்குக் கொடி 3 அங்குலம் இடைவெளி. 100 அடிக் கயிற்றுக்கு 133 கொடிகள் வரும். 36 அங்குல அகலத் துணியை 9 அங்குலப் பட்டைகளாக வெட்டி, முக்கோணங்களை ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் வரைந்தால் ஒரு பட்டையில் 11 கிடைக்கும். 13 பட்டை போதும். அதாவது மூன்றே மீட்டர் துணி! வீட்டில் கிடக்கும் இரண்டு பழைய லுங்கிகளே ஒரு தெருவை நிறைத்துவிடும்.

ஆனால் காற்றை மட்டும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, எதிரே விரித்த ஒரு சதுர மீட்டர் துணியைச் சுமார் 6 கிலோ எடையின் வலுவோடு தள்ளும். வேகம் இரட்டிப்பானால் 12 கிலோவா? இல்லை, 24 கிலோ! அந்த இரட்டிப்பு வேகத்தில் 20-க்கு 10 அடி பேனர் என்றால் 400 கிலோவைத் தாண்டும். சவுக்குக் கம்பும் சணலும் அதைத் தாங்குமா? 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போனதை மறக்கவே கூடாது. சின்னச் சின்ன முக்கோணமாகக் கட்டினால் காற்று இடைவெளியில் நுழைந்து போய்விடும். அழகுக்கு அழகு, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு.

சட்டத்திலும் ஒரு சேதி இருக்கிறது. தேசியக் கொடியைத் தோரணமாகக் கோத்து அலங்காரத்துக்குக் கட்டக் கூடாது. இந்தியக் கொடி விதிகள் தெளிவாகத் தடுக்கின்றன. சுதந்திர தினத்தன்று ஆசையாய்க் கட்டும் பலருக்கு இது தெரிவதில்லை. பிளாஸ்டிக் கொடிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை. இருந்தும் விழா முடிந்த மறுநாள் சாக்கடையில் அடைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தோல் கழிவால் எங்கள் பாலாறு ஏற்கெனவே பட்டது போதும், பிளாஸ்டிக்கும் சேர வேண்டாம். அடுத்த திருவிழாவுக்குக் குடியாத்தத்துத் துணி மூன்று மீட்டர் வாங்குங்கள், தெருப் பிள்ளைகளிடம் கத்தரிக்கோலைக் கொடுங்கள். விழா முடிந்த அன்றே அவிழ்த்து, உதறி, மடித்து வையுங்கள். அடுத்த வருஷமும் அதே கொடி ஆடட்டும்!